ரூஃப் ரெயில் பெயிண்ட் பொரிந்தால், ஸ்ப்ரே கேன் வாங்கப் போகுமுன்

சென்னை கொட்டிவாக்கத்தில் கடலுக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் எங்கள் வீடு. சாயங்காலக் காற்று சுகமாக இருக்கும், அதற்கான தண்டத்தை வண்டிதான் கட்டும். காருக்கு எட்டு வயது. என்ஜினில் ஒரு குறையும் இல்லை, பாடி பெயிண்டும் பரவாயில்லை. ஆனால் வெளியே தெரிகிற கறுப்பு உலோகப் பாகங்கள், அதாவது கூரைமேல் இருக்கும் ரூஃப் ரெயில், கதவுக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ஃபிரேம், வைப்பர் கைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிய ஆரம்பித்தன. முதலில் மிளகு அளவுக்குச் சின்னச் சின்னக் கொப்புளம், அப்புறம் செதில் செதிலாக உரிவது, கடைசியில் மழை பெய்தால் ஃபிரேமிலிருந்து காப்பிக் கலரில் ஒரு கோடு கதவில் இறங்குவது. பார்க்கிறவர்கள் எல்லாம் "வண்டியை வித்துடுங்க, துரு பிடிச்சிடுச்சு" என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் இதைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று இறங்கினேன். இறங்கியதில் போன காசையும் நேரத்தையும் நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

முதலில் போனது ஒரு டிங்கரிங் கடைக்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு வாங்கினார்கள். வண்டி திரும்பி வந்தபோது புதுசு மாதிரி இருந்தது, எனக்கும் சந்தோஷம். ஐப்பசி மழை தொடங்கி கொஞ்ச நாளில் அதே இடங்களில், மறுபடி அதே கொப்புளம். நகத்தால் கீறிப் பார்த்தேன். புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய பெயிண்டின் செதில் ஓரம் அப்படியே இருக்கிறது, அதற்கும் அடியில் துரு. உப்புத்தாள் அங்கே பட்டதாகவே தெரியவில்லை, துருவின் மேலேயே கறுப்பு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். போய்க் கேட்டதற்கு, "மேடம், பீச் பக்கம் வண்டி நின்னா யார் அடிச்சாலும் இப்படித்தான்" என்றார் கடைக்காரர். கோபம் வந்ததற்குக் காரணம், அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான். மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. உப்பையும் துருவையும் எடுக்காமல் அடித்தால் மதுரையில் நிறுத்தினாலும் பொரியத்தான் செய்யும்.

அது ஏன் என்று புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் பிறகு வரும் எல்லா வேலையும் அதில்தான் நிற்கிறது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், சமையலறை உப்பு ஜாடியில் தினமும் பார்க்கிறோமே. பெயிண்ட் நம் கண்ணுக்கு மூடிய தோலாகத் தெரிந்தாலும் அதன் வழியாக ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். உலோகத்தில் இருக்கும் குழிகளில் துளி உப்பு மிச்சம் இருந்தால் அது அந்த ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், பெயிண்ட் தூக்கும், கொப்புளம் வரும். என் ஃபிரேமில் ஒரு கொப்புளத்தைக் குண்டூசியால் குத்தியபோது உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்தது. மழை பெய்து பல நாளாகியும் உள்ளே தண்ணீர்! ஆகவே மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடிக்கிறோம் என்பது இரண்டாம் பட்சம்.

சரி, நாமே செய்துவிடலாம் என்று ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைப் பையன் ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டான். "அக்கா, இரும்புக்குத்தானே? ரெட் ஆக்சைடு அடிச்சுட்டு மேல பிளாக் அடிங்க, போதும்." ரெட் ஆக்சைடு பிரைமர் (அடிப்பூச்சு), கறுப்பு எனாமல் ஸ்ப்ரே கேன், உப்புத்தாள், மாஸ்கிங் டேப் எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு சொச்சம். கதவு ஃபிரேமில் அது ஓரளவு பிடித்தது. ரூஃப் ரெயிலில் என்ன ஆனது தெரியுமா, காய்ந்த மறுநாள் மாஸ்கிங் டேப்பை உரித்தபோது டேப்போடு சேர்ந்து பிரைமரும் கறுப்பும் ஒரே தோலாகக் கழன்று வந்துவிட்டது. அடியில் பளபளவென்று வெள்ளி நிறம். இரும்பாக இருந்தால் எங்காவது துளி துருவாவது தெரிந்திருக்குமே என்று அப்போதுதான் உறைத்தது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கொண்டுவந்து வைத்தேன், ஒட்டவில்லை. அலுமினியம்.

இந்தக் காந்தச் சோதனைதான் இந்த முழுக் கதையிலும் பைசா செலவில்லாத, ஆனால் அதிகம் பயன்பட்ட விஷயம். வண்டியைச் சுற்றி ஒவ்வொரு கறுப்புப் பாகத்திலும் வைத்துப் பார்த்தேன். கதவு ஃபிரேமில் ஒட்டியது, அது இரும்புத் தகடு. ரெயிலில் ஒட்டவில்லை. வைப்பர் கைதான் வேடிக்கை: நீளமான பகுதியில் டக்கென்று ஒட்டுகிறது, நட்டு போட்டிருக்கும் தலைப் பகுதியில் ஒட்டவில்லை, அது இரும்பில்லாத வேறு உலோகத்தில் வார்த்தது. ஒரே பாகத்தில் இரண்டு உலோகம்! பொரிந்த இடத்தை உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். இரும்பில் காப்பிப் பொடி நிறத்தில் துரு, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. ரெயிலில் இன்னொன்றும் கவனித்தேன், ஒரு கீறலில் தொடங்கி பெயிண்டுக்கு அடியிலேயே மெல்லிய நூல் நூலாக, புழு ஊர்ந்த தடம் போல ஓடியிருந்தது. பெயிண்ட் அடித்த அலுமினியத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் வருகிற அரிப்பு இது. இதில் சிக்கல் என்னவென்றால் கண்ணுக்குத் தெரிகிற கொப்புளத்தைத் தாண்டியும் நூல் ஓடியிருக்கும். அதனால் கொப்புளத்தை மட்டும் தேய்த்துவிட்டு அடித்தால் பக்கத்திலிருந்து மறுபடி கிளம்பும். ரெயிலை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை முழுசாகத் தேய்த்தேன், வேறு வழியில்லை.

பாகங்களைக் கழற்றுவதைப் பற்றி. வைப்பர் கையைக் கழற்றுவதற்கு முன் கண்ணாடியில் பிளேடு எங்கே நிற்கிறது என்று ஒரு டேப் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்பப் பொருத்தும்போது கோணம் மாறி பிளேடு ஃபிரேமில் போய் இடிக்கும். கண்ணாடிமேல் ஒரு தடித்த துண்டை விரித்துவையுங்கள். பிளேடு இல்லாத வைப்பர் கை ஸ்பிரிங்கின் வேகத்தில் பட்டென்று அடித்தால் கண்ணாடி விரிசல் விடும், ஒரு விண்ட்ஷீல்டு மாற்றுகிற செலவு தலையில் விழும். மூடியைத் திறந்து நட்டைக் கழற்றினாலும் கை வராது, பல் பல்லாக இருக்கும் தண்டில் துருவோடு இறுகிப்போயிருக்கும். டபிள்யூடி-40 மாதிரி ஊடுருவும் எண்ணெயை அடித்து ராத்திரி விட்டுவிட்டு, காலையில் இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டினால் ஒன்று வந்தது. இன்னொன்று வரவே இல்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பலாம் என்று கை பரபரக்கும், வேண்டாம், அடியிலிருக்கும் பிளாஸ்டிக் உடையும். அதற்கென்றே இழுத்துக் கழற்றுகிற சின்ன புல்லர் கிடைக்கிறது, எனக்கு முந்நூற்று ஐம்பது ரூபாய் ஆனது. ரூஃப் ரெயிலை மட்டும் கழற்றவே இல்லை. அதன் போல்ட்டுக்கு அடியில் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க ரப்பர் கேஸ்கெட் இருக்கும், அதைக் கலைத்தால் பெயிண்ட் பிரச்சினை போய் கூரை ஒழுகும் பிரச்சினை வந்துவிடும். வண்டிமேலேயே வைத்து, சுற்றிலும் மூடிவிட்டுச் செய்தேன்.

இனி அசல் வேலை, தேய்ப்பது. முதலில் ஷாம்பூ போட்டு, பழைய டூத் பிரஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். கழுவாமல் உப்புத்தாளை வைத்தால் உப்பையும் மெழுகையும் உலோகத்துக்குள் நாமே தேய்த்து இறக்குகிற மாதிரி ஆகிவிடும். கதவு ஃபிரேமில் ரப்பர் பீடிங்கை மெல்ல இழுத்துப் பார்த்தால் அடியில் ஈர மண் கெட்டியாக அடைந்திருந்தது, இத்தனை வருடம் துரு அங்கேதான் குடியிருந்திருக்கிறது, வெளியே தெரிந்தது வால் மட்டும். 80 நம்பர் தாளில் தொடங்கி 120, 240, கடைசியாக 400. பழைய பெயிண்ட் முடிந்து உலோகம் தொடங்கும் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டினால் இன்னும் தேய்க்கவேண்டும், தட்டாமல் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். கண்ணை நம்பாதீர்கள், அடித்து முடித்த பிறகுதான் அந்த விளிம்பு பளிச்சென்று தெரியும். அலுமினியத்தில் இரும்புக் கம்பி பிரஷ் போடவே கூடாது, இரும்புத் துணுக்குகள் உள்ளே பதிந்து அங்கேயே புது அரிப்பு தொடங்கும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரோ உப்புத்தாளோ போதும். பெயிண்ட்டைக் கரைக்கக் காஸ்டிக் சோடா ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு, அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

தேய்த்து முடித்ததும் மறுபடி கழுவவேண்டும், இந்த முறை சுடுதண்ணீரில். குழிக்குள் ஒளிந்திருக்கும் உப்பு அப்போதுதான் வெளியே வரும். ஆனால் கடலோரத்தில் ஒரு தொல்லை, கழுவின இரும்பைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டாலே மெல்லிய மஞ்சள் துரு படர்ந்துவிடும். மகளின் ஹேர் டிரையரைப் பிடுங்கி உடனே சூடாக ஊதிக் காயவைத்தேன். அதற்கப்புறம் கையே படக்கூடாது. கை எண்ணெய், மெழுகுப் பாலிஷ், டாஷ்போர்டுக்குப் போடுகிற சிலிக்கான் ஸ்ப்ரே இவற்றில் எது துளி இருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி நிற்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தேன்.

இரும்பில், தேய்த்தும் போகாத ஆழக் குழித் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று ஒன்று விற்கிறார்கள், டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கலந்தது, துருவைக் கறுப்பாக மாற்றி நிலைப்படுத்தும். உதிரும் துருவை எடுத்த பிறகுதான் போடவேண்டும், சும்மா செதிலின் மேல் பூசினால் செதிலோடு போய்விடும். அலுமினியத்துக்கு அது தேவையில்லை.

பிரைமரில்தான் நான் முதலில் வாங்கியது வீணானது. ரெட் ஆக்சைடு இரும்புக்கானது, அலுமினியத்தில் பிடிமானம் கிடையாது. அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர். இரண்டில் ஒன்றுதான், ஒன்றின் மேல் ஒன்று வேண்டாம், எட்ச் பிரைமரில் அமிலம் இருக்கிறது, அதன் மேல் எபாக்ஸி சரியாக இறுகாமல் போகலாம். கன்வெர்ட்டர் பூசிய இடத்தின் மேலும் எட்ச் பிரைமர் வேண்டாம். எபாக்ஸி இரும்பு, அலுமினியம் இரண்டுக்கும் பொருந்தும் என்பதால் எனக்கு அதுவே வசதியாகப் பட்டது. வைப்பர் கை மாதிரி கலப்புப் பாகத்துக்கு அதுதான் நிம்மதி. கார் ஸ்பேர் கடைகள் நிறைந்த ஜெனரல் பீட்டர்ஸ் ரோடு பக்கம் அலைந்து வாங்கினேன். குழியை நிரப்பப் பட்டி போடுவதாக இருந்தால் எபாக்ஸிக்கு மேல் போடுங்கள், வெறும் உலோகத்தில் வேண்டாம். ஹார்டனர், அதாவது இறுகவைக்கும் பொருள், கலக்கிற பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதை வாட்டர் பேப்பர் போட்டு ஈரமாகத் தேய்க்காமல் உலர்வாகவே தேய்ப்பது நல்லது. டியூபில் வரும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி ஊசித் துளைகளுக்கு மட்டும், கனமாகப் போட்டால் பிற்பாடு சுருங்கி அதே குழி திரும்பி வரும்.

கறுப்பு அடிக்கிற கட்டத்தில் எனக்குப் பட்ட அடி வேறு. கதவு ஃபிரேமில் ஏற்கெனவே எனாமல் இருந்தது, அதன் மேல் வேறு கம்பெனியின் லாக்கர் (lacquer) வகை பெயிண்ட் கேனை அடித்தேன். கண் முன்னாலேயே மொத்தப் பரப்பும் சுருங்கித் திரைந்துகொண்டு எழுந்தது. முழுசாக இறுகாத எனாமலின் மேல் காரமான தின்னர் உள்ள பெயிண்ட் பட்டால் அப்படித்தான் ஆகும். அத்தனையும் தேய்த்து எடுத்து முதலிலிருந்து. அன்று ராத்திரி சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை. பிரைமர், கலர், மேலே அடிக்கிற நிறமில்லாத கிளியர் மூன்றையும் ஒரே கம்பெனியில் ஒரே வகையாக வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. கேனின் பின்னால் பொடி எழுத்தில் மறுகோட்டுக்கு உரிய நேரம் போட்டிருக்கும், இத்தனை நிமிடத்துக்குள் அல்லது இத்தனை மணி நேரத்துக்குப் பிறகு என்று. நடுவில் அடிக்கக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். நிறம் என்றால் பளபளக் கறுப்பு வாங்காதீர்கள், இந்தப் பாகங்களில் தொழிற்சாலையில் அடித்து வருவது பெரும்பாலும் பாதி மங்கல். சாட்டின் பிளாக் என்று கேளுங்கள், சின்னக் குறைகளையும் மறைத்துக்கொடுக்கும்.

கேனை நன்றாகக் குலுக்கவேண்டும், உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம். பாகத்துக்கு வெளியே தொடங்கி, ஒரு சாண் தூரத்தில் ஒரே வேகத்தில் இழுத்து, மறுபக்கம் வெளியே போய் விரலை எடுக்கவேண்டும். முதல் கோட் தூவல் மாதிரி, அடியில் பிரைமர் தெரியட்டும், பதறவேண்டாம். ஒரே கோட்டில் மூட நினைத்தால் வழியும். நேரம் முக்கியம்: சென்னையில் மதியத்தை ஒட்டிக் கடல்காற்று ஏறிவிடும், கூடவே ஈரமும் உப்பும். ராத்திரி ஈரம் போய், வெயில் ஏறாத காலை ஒன்பது பத்து மணி வாக்கில் தொடங்கி, காற்று வருவதற்குள் முடிக்கப் பாருங்கள். புழுக்கமான நாளில் அடித்த ஒரு கோட் எனக்குப் பால் படிந்தமாதிரி வெளிறிவிட்டது, ஈரம் பெயிண்ட்டுக்குள் சிக்கிக்கொண்டதால். வெயிலில் கொதிக்கிற தகட்டிலும் அடிக்கக்கூடாது, சொரசொரப்பாகிவிடும். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். தை, மாசி சரியான காலம்.

மாஸ்கிங் எவ்வளவு செய்தாலும் போதாது என்பதற்கு ஒரு சாட்சி. எங்கள் வண்டியைத்தான் பிளாஸ்டிக் ஷீட்டால் போர்த்தியிருந்தேன், இரண்டு வண்டி தள்ளி நின்ற அங்கிளின் வெள்ளைக் கார் நினைவிலேயே இல்லை. காற்று ஒரு சுற்று சுற்றியதில் அதன் பானெட் முழுக்கக் கறுப்புத் தூசி. கையால் தடவினால் மணல் மாதிரி தட்டுப்படுகிறது. அவர் "பரவாயில்லம்மா" என்றுதான் சொன்னார், ஆனால் குரல் அப்படிச் சொல்லவில்லை. டீடெய்லிங் செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு களிமண் மாதிரியான கிளே போட்டுத் தேய்த்து எடுக்க ஆயிரத்து இருநூறு. மாடி வீட்டு மாமி வாடைக்காகச் சங்கத்தில் புகார் சொன்னது தனிக் கதை. அபார்ட்மென்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி, காலி இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் செய்யுங்கள்.

கிளியர் கோட்டில் டூ-கே என்று ஹார்டனர் உள்ள கேன் வாங்கச் சொல்வார்கள். உறுதியானதுதான், பெட்ரோல் பட்டாலும் கரையாது. ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவே வரலாம். கொரோனாவுக்கு வாங்கிய என்95 மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது. பிள்ளைகள் விளையாடும் பார்க்கிங்கில் அதை அடிக்க எனக்கு மனசு வரவில்லை, சாட்டின் கறுப்போடு நிறுத்திக்கொண்டேன். சாதாரண ஸ்ப்ரேவுக்கும் ஆவியை வடிகட்டுகிற கார்ட்ரிஜ் மாஸ்க்கும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

மொத்தக் கணக்கு: டிங்கரிங் கடைக்குப் போனதோடு சேர்த்துப் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். இதில் நிலைத்து நின்ற வேலைக்கு உண்மையில் ஆன செலவு மூவாயிரத்துக்குள்தான். எரிச்சலான இன்னொரு விஷயம், வைப்பர் கைகளுக்காக அத்தனை பாடுபட்ட பிறகு ஸ்பேர் கடையில் விசாரித்தால் புது ஜோடி ஆயிரத்து நூறு ரூபாய் என்றார்கள். தேய்த்த மணி நேரத்தைக் கணக்கில் எடுத்தால் வாங்கியிருக்கலாம். முதலில் ஒரு போன் போட்டு ஒவ்வொரு பாகத்தின் விலையையும் கேளுங்கள், கழற்றி மாட்டுகிற மாதிரியான சின்னப் பாகத்துக்கு வேலை செய்வது வீண். ரெயிலும் ஃபிரேமும்தான் வீட்டில் உழைக்கத் தகுந்தவை, அவற்றின் புது விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

பெயிண்ட் தொட்டால் ஒட்டாமல் அரை மணியில் காய்ந்துவிடும், ஆனால் உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை கழுவாதீர்கள், மெழுகுப் பாலிஷ் ஒரு மாதத்துக்கு வேண்டாம். இப்போது வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை ஃபிரேமின் ரப்பர் இடுக்கிலும் ரெயிலுக்கு அடியிலும் விட்டுக் கழுவுகிறேன், போர்வெல் உப்புத் தண்ணீர் இல்லை, குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர். ஒரு முழு மழைக்காலம் தாண்டியும் ஃபிரேம் அப்படியே இருக்கிறது. ரெயிலின் பின் முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டிருக்கும் துளையைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பொடி கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. இரண்டு வேறு உலோகம் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். தை பிறந்ததும் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, துளையைச் சுற்றித் தேய்த்து எபாக்ஸி அடித்து, நைலான் வாஷரும் கிரீஸும் வைத்து முடுக்கலாம் என்று இருக்கிறேன்.